ஈஸ்டர் விருந்துக்கு ஒரு அண்டா கலர்

1

இந்த நாட்டில் எது நடக்க வேண்டுமானாலும் முதலில் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அதற்கு மூன்று வாரம் முன்பே பின்கதவில் தாள் வந்துவிட்டது. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேக், மேசைக்குப் பூ என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. கொண்டுவருகிறவர் அந்தக் கோட்டில் பெயர் எழுத வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போகிறவள். நான் அந்தத் தாளைப் பார்த்தபோது ஒரே ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. "ஸ்பார்க்ளிங் ஃப்ரூட் பஞ்ச், ஐம்பது பேருக்கு" என்று எழுதியிருந்தது.

மௌரீன் என்று ஒரு அம்மாள். எழுபது வயதைத் தாண்டியவர், கோயில் வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர். அந்தத் தாளும் அவருடையதுதான். வெயில் ஊரிலிருந்து வந்தவளுக்குப் பழச்சாறு போடுவதெல்லாம் பெரிய வேலையா என்று என் தோளைத் தட்டினார். நான் தலையை ஆட்டினேன். அயர்லாந்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இங்கே நான் மாட்டிக்கொண்ட காரியங்களில் பாதி இப்படித் தலையை ஆட்டி மாட்டிக்கொண்டவைதான்.

வீட்டுக்கு வந்து என் மகள் ஷெரினிடம் கேட்டேன். அவளுக்குப் பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவள். போனில் தேடிப் படித்துக் காட்டினாள். அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி, புதினா. எல்லாவற்றையும் கலந்து குளிரவைத்து, குடிக்கப் போகிற நேரத்தில் மட்டும் குமிழி விடுகிற லெமனேடை ஓரமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். "லாஸ்ட்லதான் ஊத்தணும்மா, அப்புறம் டச் பண்ணவே கூடாது" என்றாள். இதற்கா இவ்வளவு பேர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் ஊர் கலர் சோடா. திண்டிவனத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக் கொடுப்பார்களே, அந்தக் கலர். அதை ஒரு அண்டாவில் ஊற்றிப் பழத்தை மிதக்கவிட்டால் பஞ்ச்.

ஷெரினுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் விருந்துக்கு வருகிறார்கள். நான் ஏதாவது செய்து வைத்துவிடுவேனோ என்ற கவலை அவள் முகத்தில் அப்போதே தெரிந்தது.

2

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை மேலே எழுத முடியாது.

எங்களுக்கு முகையூர்ப் பக்கம். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கத் திண்டிவனம் வந்தார், அப்படியே அங்கேயே தங்கிவிட்டோம். பெரிய வெள்ளியன்று மண்டிக்கு லீவு கிடையாது. அப்பா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மூட்டை தூக்குவார். சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து கோயிலில் கஞ்சி ஊற்றும்போதுதான் வாயைத் திறப்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. தண்ணீர் இல்லாமல் இருப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை, மனசு இருந்தால் போதும் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன வருடம் ஈஸ்டர் வாரத்தில்தான் அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் விழுப்புரத்துக்குப் போய் டயாலிசிஸ். என் தம்பி அருள் ஆட்டோ ஓட்டுகிறான். அப்பா அவனோடுதான் இருக்கிறார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. விடிவதற்கு முன்பே அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறான். நாலு மணி நேரம் மிஷினில் படுத்துவிட்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி மதியம் திரும்பி வருவார்.

டயாலிசிஸைவிடத் தண்ணீர்தான் பெரிய பாடு. ஒரு நாளைக்கு அரை லிட்டர். ரசம், மோர், காபி, மாத்திரை போட ஒரு மடக்கு, எல்லாம் அதற்குள். அதற்கு மேல் குடித்தால் வெளியே போக வழியில்லை. கால் வீங்கும், பிறகு நுரையீரலில் சேர்ந்துகொண்டு மூச்சு முட்டும். இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்லி, அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட வைத்தது நான்தான். நான் இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நர்ஸுகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் என்னைப் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு வருடமாக தினமும் போன் செய்கிறேன். "சாப்டியாப்பா, தண்ணி எவ்ளோ குடிச்ச" என்பதுதான் என் முதல் கேள்வி. கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று அவர் முனகினால் எனக்குக் கோபம் வரும். எட்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது எளிது. ஒரு நாள் அப்பா, "பெரிய வெள்ளி அன்னிக்கி ஒரு நாளு தண்ணி குடிக்காம இருந்துட்டு இன்னா பீத்திக்கினேன். இப்போ எனக்கு தெனமும் பெரிய வெள்ளியா கீது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என்னுடைய குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். புதிய அட்டை கைக்கு வருவதற்கு முன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வருவதில் சிக்கல். தப்பு என்னுடையது. விண்ணப்பத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, கடைசி நாளில் கொடுத்து, அதிலும் ஒரு கடிதத்தை விட்டுவிட்டேன். தினமும் காலையில் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பீட்சாக் கடை விளம்பரம்தான் இருக்கிறது.

வேலையில் நான் செய்வது என்ன என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அங்கே எங்களுக்குப் பெரிய போராட்டமே, வயதானவர்களைத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான். எட்டாம் அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். மாடு வளர்த்தவர். எந்த டம்ளரைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக மூடிக்கொள்வார். மணிக்கு ஒரு தரம் அவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, இன்னும் ஒரே ஒரு வாய், எனக்காக ஒரு வாய் என்று கெஞ்ச வேண்டும். அவர் விழுங்கினால் கைதட்டுவேன். குடித்த அளவைத் தாளில் எழுதுவேன். இந்தக் கூத்தை ஒரு நாள் அப்பாவிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். சரிம்மா, வேலைக்கு நேரமாவுது போ என்று அவர் போனை வைத்துவிட்டார்.

3

இந்த வருடம் பெரிய வெள்ளியும் டயாலிசிஸ் நாளாக வந்தது. அன்றைக்கு ஊசி குத்திக்கொள்ள மாட்டேன், கோயிலுக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அருள் எனக்குப் போன் செய்தான். நான் அப்பாவிடம் கத்தினேன். அவர் ஸ்பீக்கரில் என் சத்தம் முடிகிறவரை காத்திருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சிலுவைப்பாதைக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். சனிக்கிழமை வந்தால் பார்க்கிறோம் என்று டயாலிசிஸ் பிரிவில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமையும் அவர் போகவில்லை.

புதன்கிழமைக்குப் பிறகு டயாலிசிஸே இல்லை. திங்கட்கிழமையும் போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது அப்போது ஒரு உதவிக்கும் ஆகவில்லை. தெரியாத தம்பியாவது அவர் பக்கத்தில் இருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் ஸ்ட்ராபெர்ரி நறுக்கினேன். வேறு என்ன செய்வது? ஐம்பது பேருக்கு என்று தாளில் பெயர் எழுதியிருக்கிறேன். என் கணவருக்கு அன்றும் மறுநாளும் வேலை. ஷெரின் பக்கத்தில் நின்று சாற்றை அளந்து ஊற்றினாள். தாத்தாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சொன்னேன். வருத்தமாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். தாத்தாவும் அவளும் போனில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நான் வந்து காப்பாற்றக் காத்திருப்பார்கள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியவள் நான்.

4

ஞாயிறு மதியம் மண்டபத்துச் சமையலறை. வெளியே மஞ்சள் பூக்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, வெயில் மாதிரி ஏதோ ஒன்று அடித்தது. பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மௌரீன் எடுத்து வைத்திருந்தார். அதில் எல்லாம் பிடிக்காது என்று வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரமும் கொண்டுபோயிருந்தேன். சாறு இரண்டையும் கலந்தாயிற்று, பழம் போட்டாயிற்று, பனிக்கட்டி போட்டாயிற்று. லெமனேடைத் திறந்து ஊற்றினேன். மேலே குமிழி பொங்கி வந்து புதினா இலைகள் நடுங்கின. பார்க்கவே அழகாக இருந்தது. ஷெரின் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தோழிகளிடம் போனாள்.

அப்போது அருள் கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் ஓரமாக வைத்தேன். அப்பாவின் கால் இரண்டும் முழங்கால் வரை வீங்கிவிட்டதாம். நாளைக்கும் வர முடியாது, இனிமேல் என்றைக்குமே வர முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"நான் இன்னாக்கா பண்ணட்டும்? தூக்கினு போய் ஆட்டோவுல போட முடியுமா? நீ சொன்னாதான் கேப்பாரு. நீ பேசு."

ஒரு பத்து நிமிடம் பேசினோம். பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து சொல்லச் சொல்லலாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று என்னென்னவோ பேசினோம். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஷெரின் வாசலில் நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். என் வலது கையில் சமையலறை ஜாடி ஒன்று தலைக்கு மேல் இருந்தது. இடது கையில் இன்னொரு ஜாடி இடுப்புக்குக் கீழே இருந்தது. நான் பஞ்சை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எதையும் கரண்டி போட்டுக் கலக்குகிற பழக்கம் இல்லை. டீ, பால், மோர், கேப்பைக் கூழ், குழந்தைக்கு மருந்து, எல்லாவற்றையும் இரண்டு பாத்திரத்தை எடுத்துத் தூக்கித் தூக்கி ஆற்றினால்தான் கலந்ததாக அர்த்தம். கவலை வந்தால் இன்னும் உயரமாக ஆற்றுவோம். பத்து நிமிடமாக, ஜாடி ஜாடியாக எடுத்து, ஐம்பது பேருக்கான லெமனேடையும் ஆற்றி முடித்திருக்கிறேன். ஒரு குமிழிகூட மிச்சம் இல்லை. ஸ்ட்ராபெர்ரி எல்லாம் கூழாகிவிட்டது. நுரை தள்ளிய பழுப்பு நிறத் தண்ணீர் கிண்ணத்தில் நின்றது.

ஷெரின் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மௌரீன் வந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் ஒரு குவளை எடுத்துக் குடித்துவிட்டு லவ்லி, லவ்லி என்றார்கள். இந்த ஊரில் லவ்லி என்பதை நம்பக் கூடாது என்று எனக்கு ஐந்தாவது வருடமே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் வைத்தார்கள். திறக்காத பாட்டில் இரண்டு மிச்சம் இருந்தது. ஷெரின் என் முகத்தைப் பார்க்காமல் அவற்றை எடுத்துப் போய், அவளுடைய தோழிகளின் குவளைகளில் ஓரமாகச் சாய்த்து ஊற்றினாள். இந்த மாதிரி இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

5

நான் ஒரு குவளையோடு வெளியே வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

திண்டிவனத்தில் சாயங்காலம். அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது, உதடு வெடித்திருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். மூச்சு முட்டும் என்று சொன்னேன். பேத்தி உன்னைப் பார்க்க வேண்டாமா என்றேன். அட்டை வந்ததும் வருகிறேன், அதுவரைக்காவது என்றேன். என்றைக்கு வரும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவரின் கண் என் கையில் இருந்த குவளைக்குப் போனது.

"அது இன்னாம்மா?"

கலர் மாதிரிப்பா, நான்தான் போட்டேன், கெட்டுப் போய்விட்டது என்றேன்.

அப்பா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அங்க ஒரு கெழவனுக்கு ஒரு வாயி, ஒரு வாயின்னு கெஞ்சறேன்னு சொன்னியே ஸ்டெல்லா. யாரு பெத்த கெழவனோ. எனக்கு ஒரு வருசமா குடிக்காத, குடிக்காதன்னுதான் சொல்ற. ஒரு தபா குடின்னு சொல்லக் கூடாதா?"

அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மூளை ஒரு கணக்குப் போட்டது. நாலு நாளாக டயாலிசிஸ் இல்லாத உடம்பு. ஒரு டம்ளர் என்றால் இருநூறு மில்லி. நல்லது இல்லை. ஆனால் நாளைக்கு விழுப்புரம் போய்விட்டால் அதை எடுத்துவிடலாம். "நாளைக்கி போறேன்னு சொல்லுப்பா, இப்பவே ஒரு டம்ளரு குடிக்கச் சொல்றேன்" என்றேன்.

"பேரம் பேசாதம்மா. சொல்றதா இருந்தா சும்மா சொல்லு."

கூடாது என்று சொல்லி அவரை நாளைக்கு ஆட்டோவில் ஏற்ற என்னால் முடியாது. குடி என்று சொல்லிவிட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதையும் என்னால் தாங்க முடியாது. எதைச் செய்தாலும் என் கையில் ஒன்றும் இல்லை. அருளைக் கூப்பிட்டேன். எதிர்க் கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னேன். அவன், யக்கா, நெஜமாவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனான். வந்து டம்ளரில் ஊற்றி அப்பா கையில் கொடுத்தான். அப்பா டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"குடிப்பா" என்றேன்.

அப்பா குடித்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு மடக்கையும் வாயில் நிறுத்தி, கண்ணை மூடி விழுங்கினார். நானும் என் குவளையைத் தூக்கிக் குடித்தேன். இனிப்பாக, செத்துப்போன ருசியாக இருந்தது. அப்பா டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டார். நாளைக்குப் போவியாப்பா என்று மறுபடி கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி டம்ளரை அருளிடம் நீட்டினார். சார்ஜ் இல்லக்கா என்று அருள் சொன்னான், லைன் போய்விட்டது.

6

திங்கட்கிழமை எனக்குக் காலை வேலை. எட்டாம் அறைக்காரர் வழக்கம் போல உதட்டை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவரிடம் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை, டம்ளரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானாகக் கூப்பிடவும் பயம். பத்தரை மணிக்கு டீ இடைவேளையில்தான் அவன் கூப்பிட்டான். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. விழுப்புரத்திலிருந்துதான் பேசுகிறான் என்று தெரிந்ததும் நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

விடியற்காலையில் அப்பாவே எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஜல்தி வாடா, நேரமாச்சு என்று இவனையே அதட்டினாராம். அங்கே மிஷினில் போடுவதற்கு முன் எப்போதும் எடை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். முள்ளைப் பார்த்ததும் அங்கிருந்த நர்ஸம்மா பயந்துவிட்டாராம். வராமல் இருந்தது பற்றாதென்று குடிக்கவும் செய்தீர்களா, யார் கொடுத்தது என்று சத்தம் போட்டிருக்கிறார். டம்ளரைக் கையில் கொடுத்த அருள் பக்கத்திலேயே நின்றானாம், அப்பா தன்னை மாட்டிவிடப் போகிறார் என்று பயந்தானாம்.

"அப்பா இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? எம்பொண்ணு குடுத்துது, நேத்து சாயங்காலம் வந்து, பக்கத்துல குந்திக்கினு குடிக்க வச்சிட்டுப் போச்சின்னாரு. நல்லா தெம்பா சொல்றாரு. சிரிப்பு வேற."

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இரண்டு நாள் வராமல் விட்டதால் மதியத்துக்கு மேல்தான் மிஷின் கிடைத்தது, காலில் சதை இழுத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார், ஆனால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மூச்சு பரவாயில்லை என்றான்.

"அந்த நர்ஸம்மாவுக்கு உம்மேலதான் கோவம். அந்தப் பொண்ண புதன்கெழம கூடவே கூட்டினு வா, நான் பேசணும்னு சொல்லிட்டாங்க. இன்னா சொல்றதுன்னே தெரியல. சரின்னுட்டேன்க்கா."

நானும் சரி என்றேன்.